புது டயருக்கு இருநூறு கிலோமீட்டர்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் விமான நிலையத்தில் தொடங்குவார்கள். என் பயணம் அகரம்தென் சாலையில், ஒரு டயர் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்தபடி தொடங்கியது. அதே வாரம் என் மைத்துனர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். பனிமலை, பசுமாடு, பொம்மை மாதிரி ரயில் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நானும் ஒரு படம் போட்டேன்: சக்கரம் கழற்றிய என் மோட்டார் சைக்கிள், பின்னணியில் ஒரு தண்ணீர் லாரி. யாரும் ஒரு கட்டைவிரல்கூடத் தூக்கவில்லை.

நான் சேலையூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். இருபத்திரண்டு வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு உராய்வு விசை நடத்துகிறேன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் என்னைத் திட்ட வசதியாக இருக்கட்டும் என்றுதான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன டிசம்பரில், லேசான தூறலில், மாடம்பாக்கம் ஏரிக்கரை வளைவில் நானும் என் மனைவி சுகந்தியும் வண்டியோடு விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் தோல் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவனுக்குத்தானே வாய் நீளும். அன்று மாலையே ஒரு நோட்டில் படம் வரைந்து, புடவையில் ஒரு பக்கமாக உட்காருகிறவரின் எடை எந்தப் பக்கம் இறங்கும், ஈர்ப்பு மையம் எப்படி நகரும், வண்டி ஏன் திரும்ப மறுத்துப் பிறகு பொத்தென்று சாயும் என்று அம்புக்குறி போட்டு அவளுக்கு விளக்கினேன். முழங்கையில் மருந்து தடவியபடி அவள் கடைசி வரை கேட்டாள். மறுநாளிலிருந்து தான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தாள். ஒன்பது மாதம் ஆகிறது. என் வண்டியில் அதற்குப் பிறகு அவள் ஏறவே இல்லை.

"அவளுக்குப் பயம் புடிச்சிருச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்துக்கு மருந்தாகத்தான் புது டயர். காலாண்டு விடுமுறைக்குள் அவளை எப்படியும் மறுபடி வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் திட்டம். பின் இருக்கை காலியாக இருக்கும் வண்டியை ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலும் அவள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

டயர் கடைக்காரர் தாஸ் என் வயதுக்காரர், பக்கத்துக் கிராமத்துக்காரர். கழற்றிய பழைய டயரை என் மடியில் வைப்பதுபோல் நீட்டினார்.

"இன்னா சார் இது? கைய வெச்சிப் பாரு. நடுவுல பலகை மாதிரி ஆய்கீது. நீ வூடு, ஸ்கூலு, வூடு, ஸ்கூலுன்னு நேராவே போய்கினு இருந்துகிற. நடுவுல மட்டும் தேஞ்சிட்ச்சி. ரெண்டு ஓரத்தையும் பாரு, புதுசு கணக்கா அப்டியே கீது."

கையை வைத்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய இடம் மேஜை மாதிரி தட்டையாக இருந்தது.

"வளைவுல திரும்பசொல்ல வண்டி அந்தப் பலகை ஓரத்துல ஏறி எறங்கணும் சார். மொதல்ல சாயவே சாயாது. நீ தள்ளுவ. அப்பால பொத்துனு சாஞ்சிடும். இத்த வெச்சிகினு எப்டி சார் வுழாம ஓட்டிகினு இருந்த?"

தண்ணீர் லாரியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் மிகக் கவனமாகப் படித்தேன்.

புது டயரை மாட்டி முடித்ததும் தாஸ் பத்தியம் சொன்னார். புது ரப்பரின் மேல் ஒரு வழவழப்பு இருக்குமாம். டயரை வார்க்கும் அச்சிலிருந்து ஒட்டாமல் எடுப்பதற்குத் தடவுவதாம். அது தேய்ந்து போகும்வரை சாலையைப் பிடிக்காதாம். "எறநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டு சார். திடீர்னு பிரேக் அடிக்காத. ஒரேடியா சாய்க்காத. கொஞ்சம் கொஞ்சமா ஓரத்தையும் பழக்கு. அப்பால பாரு, வண்டி பேசும்."

இப்படியாக, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், போக வேண்டிய தூரம் மட்டும் கையில் இருக்கும் பயணி ஆனேன்.

முதல் நாள் முதல் திருப்பம் கடையிலிருந்து நூறு அடியில் வந்தது. பழக்க தோஷத்தில் ஹேண்டில்பாரை ஒரு தள்ளு தள்ளி, தோளையும் சேர்த்துச் சாய்த்தேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. கதவு இறுகிப்போன வீட்டில் தோளால் இடித்தே திறந்து பழகியவன், கதவைச் சரிசெய்த அன்று உள்ளே போய் விழுவான் அல்லவா, அப்படி உள்பக்கமாகப் பாய்ந்து ஒரு ஷேர் ஆட்டோவின் கம்பியை முத்தமிடப் போய் மயிரிழையில் தப்பினேன்.

"யோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொல்லாமல்தான் வந்திருந்தேன்.

அதன் பிறகு விரல் நுனியால் ஓட்டினேன். பார்வையை வளைவுக்குள் விட்டு, கையை லேசாக அழுத்தினால் போதும், வண்டி தானாக, ஒரே சீராகச் சாய்ந்து திரும்பியது. நான்கு வருடமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தது வண்டியை அல்ல, ஒரு பிடிவாதத்தை என்று தோன்றியது. யாருடைய பிடிவாதம் என்ற கேள்வியை அன்றைக்கு எழுப்பிக்கொள்ளவில்லை.

கேளம்பாக்கத்துக்குப் போனேன். வண்டலூரிலிருந்து போகும் சாலை அகலமானது, பெரும்பாலும் நேரானது. வளைவைப் பழகக் கிளம்பியவன் நேர்சாலையைத் தேர்ந்தெடுத்தது என் அறிவுக்குச் சான்று. வழியெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து மூன்றையும் விசா இல்லாமல் கடந்துவிடலாம். மைத்துனருக்கு இந்த வசதி தெரியாது.

மதியம் கேளம்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். எங்கள் சேலையூர் மெஸ்ஸில் ரசம் கேட்டால் மோர் வரும். இங்கே ரசம் கேட்டால் ரசமே வந்தது. வெளியூர் என்றால் இப்படித்தான் சில அதிர்ச்சிகள் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் உட்கார்ந்து டயரின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வழவழப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னும் கடையில் இருந்த பளபளப்பு. அதைப் பார்த்தாலே இவன் எவ்வளவு சாய்ந்திருக்கிறான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

பக்கத்து மேஜையில் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு இளைஞர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இந்தி புரியும் என்பது என் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஒருவன் சொன்னதன் தமிழ்: "அந்தப் பெரியவர் வந்ததிலிருந்து டயரையே தடவிக்கொண்டிருக்கிறார்." மற்றவன் சொன்னதன் தமிழ்: "பாவம், வீட்டில் பேச ஆள் இல்லை போலிருக்கிறது." அதற்கு மேல் எனக்கு அப்பளம் இறங்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு, வீடு கட்டாத மனைப் பிரிவு ஒன்றுக்குள் புகுந்து, காலித் தெருக்களில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு. நான்காவது எட்டில் காவலாளி விசில் ஊதியபடி ஓடி வந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"யாரையும் இல்லைங்க. சாய்ஞ்சு பழகறேன்."

அவர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில் அவரே 'பர்சனல்' என்று எழுதிக்கொண்டார். அதைவிடச் சரியாக நானே எழுதியிருக்க முடியாது.

இரண்டாம் நாள் குன்றத்தூர். பம்மல் தாண்டுவதற்குள் ஒரு லாரி, இரண்டு பள்ளம், சாலை நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஓர் எருமை ஆகியவற்றுக்கு வழிவிட்டேன். மைத்துனர் அன்று அனுப்பிய படத்தில் ஒரு சுவிஸ் பசு கழுத்தில் மணியோடு வேலிக்குள் நின்றது. சுதந்திரம் எந்த நாட்டில் அதிகம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முருகன் கோயிலுக்கு வண்டி ஏறும் மலைச்சாலை நீளமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வளைவு என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது அங்கேதான் இருக்கிறது. மெதுவாக ஏறினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே சாய்ந்தால், வண்டி எந்த இடத்திலும் தயங்காமல், எந்த இடத்திலும் விழப்பார்க்காமல், நான் நினைத்த கோட்டிலேயே போனது. இறங்கி மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், ஐம்பது வயதில் தனியாகச் சிரித்துக்கொண்டு மலை ஏறி இறங்கினேன்.

மேலே அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மா நான்காவது முறை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், எத்தினி வாட்டி? வேண்டுதலா?"

"ஆமாம்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

"அப்டின்னா என்னிய கீழ எறக்கி வுடு. தேங்கா தீந்துட்ச்சி. வாங்கியாரணும்."

நான் யோசிப்பதற்குள் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்து, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டார். சுகந்தியைவிட ஒன்றரை மடங்கு எடை இருப்பார். இறக்கம் வேறு. முதல் வளைவு. வண்டி திரும்பியது. இரண்டாவது வளைவு. திரும்பியது. பின்னால் அவர் யாரையோ பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டு வேறு வந்தார். வண்டி எதையும் கண்டுகொள்ளாமல் சீராகச் சாய்ந்து, சீராக நிமிர்ந்து, அடிவாரத்தில் போய் நின்றது.

"நல்லா ஓட்டுற சார்" என்று சொல்லிவிட்டு அவர் தேங்காய்க் கடைக்குப் போனார்.

என் ஈர்ப்பு மையக் கோட்பாடு அடிவாரத்திலேயே செத்தது. சோதனை செய்து பார்க்காமல் முடிவு எழுதும் மாணவனை நான் வகுப்பில் நிற்கவைப்பேன். ஒன்பது மாதமாக என் மனைவியைக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தது தேய்ந்த ஒரு டயர். அதை மாற்றாமல் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டது நான். வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டே வந்தேன்.

சுகந்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டயர் எப்படி இருக்கு?"

"நல்லா திரும்புது."

"அப்படியா. பழசு?"

தயாரித்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. "பழசும் பரவாயில்ல. கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்."

அவள் கத்தியை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு மீதி வெண்டைக்காயையும் நறுக்கினாள். "நாளைக்கு எனக்கு லீவு. திருநீர்மலை போகலாமா?"

"பைக்லயா?"

"பின்ன, பிளைட்லயா?"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இனிமேல் எதற்குப் பழைய கதை? அவள்தான் வருகிறேன் என்கிறாளே. மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்புக் கிடைத்துவிட்டால் புத்திசாலி அதை வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ள மாட்டான்.

மூன்றாம் நாள் காலை எழுந்ததும் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டேன். கோயிலுக்குப் போகிற வண்டி, அதிலும் ஒன்பது மாதம் கழித்து வீட்டம்மா ஏறுகிற வண்டி. கழுவியவர் சின்சியரான மனிதர். நுரை போட்டு, காற்றடித்து, கடைசியில் ஒரு பாட்டிலில் இருந்து எதையோ பஞ்சில் எடுத்து இரண்டு டயரையும் சுற்றித் துடைத்தார்.

"டயருக்கும் பாலிஷ் போட்டுட்டேன் சார். கண்ணாடி மாதிரி கீது பாருங்க."

பார்த்தேன். மகிழ்ந்தேன். நன்றியும் சொன்னேன். இரண்டு நாள், இருநூறு கிலோமீட்டர், ஒரு எருமை, ஒரு காவலாளி என்று அலைந்து திரிந்து நான் தேய்த்து நீக்கிய வழவழப்பை அவர் ஐந்து நிமிடத்தில் திரும்பப் பூசிக் கொடுத்திருந்தார். உராய்வு விசை ஆசிரியன் அதைக் கவனிக்காமல், வீட்டு வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டிக் கிளம்பினான்.

சுகந்தி மாம்பழ மஞ்சள் புடவையில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். வண்டியின் பின்கம்பியைப் பிடித்திருந்தாள், என் தோளை அல்ல. அதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி வானிலை பற்றிப் பேசினேன்.

பெரிய சாலையில் ஒன்றும் தெரியவில்லை. திருநீர்மலை கண்ணில் பட்டதும், கோயில் பக்கம் போகும் தெருவுக்குள் சாய்த்துத் திருப்பினேன். பின்சக்கரம் சோப்பில் கால் வைத்த மாதிரி வெளிப்பக்கம் வழுக்கியது. காலை ஊன்றி, இழுத்து, எப்படியோ ஒரு மணல் குவியலில் சாய்ந்து நின்றோம். விழவில்லை. அவள் வண்டி நிற்பதற்கு முன்பே லாவகமாகக் குதித்து இறங்கி நின்றிருந்தாள்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கண்ணாடிக் கிளாஸோடு எழுந்து வந்தார். எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்பு அவரிடம் தயாராக இருந்தது.

"பொம்பளைங்க சைடா குந்திகினு வந்தா இப்டித்தான் சார். வண்டி கன்ட்ரோலே ஆவாது. சொன்னா கேக்க மாட்டாங்கோ."

சொல்லிவிட்டு ஆதரவுக்கு என்னைப் பார்த்தார். சுகந்தியும் என்னைப் பார்த்தாள். என் சொந்தக் கண்டுபிடிப்பை, அம்புக்குறி மட்டும் இல்லாமல், அந்நியர் ஒருவர் வாயால் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. குனிந்து பின்சக்கரத்தைத் தொட்டேன். விரலில் எண்ணெய்.

"இல்லைங்க பெரியவரே. இவங்க மேல தப்பே இல்ல. டயர்ல பாலிஷ் போட்டுட்டாங்க, நான் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன்." நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் சுகந்தியிடம் திரும்பி அதே மூச்சில் சொன்னேன்: "அன்னிக்கும் டயர்தான் சுகந்தி. நடுவுல மொத்தமா தேஞ்சிருந்துச்சு. நான்தான் மாத்தாம விட்டேன். உன் மேல பழியைப் போட்டுட்டேன்."

பெரியவர் இது தன் வழக்கு அல்ல என்று புரிந்துகொண்டு பெஞ்சுக்குத் திரும்பினார்.

"தெரியும்" என்றாள் சுகந்தி.

"எது தெரியும்?"

"டயருன்னு. அன்னிக்கு நான் ரோட்ல உக்காந்திருந்தேன். அது என் மூஞ்சிக்கு நேரா சுத்திட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு கோடுகூட இல்ல அதுல. அதைப் பாக்க பிசிக்ஸா படிக்கணும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க படம் வரைஞ்சீங்க."

விரலில் இருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தேன்.

"ஊரெல்லாம் எனக்குப் பயம்னு சொல்லிட்டு இருந்தீங்கல்ல? எனக்கு வண்டின்னா என்ன பயம்? உங்க பின்னாடி உக்கார மனசு வரல. இன்னிக்கு ஏறினதுகூட, வழியிலயாவது சொல்வீங்களான்னு பாக்கத்தான். அவ்ளோதான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கிற குரலில் சொன்னாள். பிறகு டீக்கடைக்குப் போய், கிளாஸ் கழுவும் சோப்புத் தூளில் ஒரு கை, ஒரு பக்கெட் தண்ணீர், தேங்காய் நார் எல்லாம் கேட்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் மண்டியிட்டு டயரைத் தேய்த்தேன். சக்கரத்தை உருட்டி உருட்டி, முன்னது, பின்னது, ஓரம், நடு என்று தேய்த்தேன். மலைக்குப் போகிறவர்கள் இதுவும் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து விலகிப் போனார்கள். முடித்ததும் சுகந்தி குனிந்து ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னுதான் இருக்கு. இன்னொரு வாட்டி."

தேய்த்தேன். தடவிப் பார்த்தாள்.

"அந்த ஓரம் விட்டுப்போச்சு."

மூன்றாம் முறை தேய்த்து முடித்தபோது என் வேட்டி சக்கரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அவள் மறுபடி விரலால் அழுத்தித் தடவினாள். முகர்ந்து பார்த்தாள். அந்த விரலை என் சட்டைத் தோளில் துடைத்துவிட்டு, அங்கேயே கையை வைத்தபடி ஏறி உட்கார்ந்தாள்.